மரச்சில்லு எரிபொருள்: முதல் லோடு இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வெட்டிய கையோடு பச்சை மரத்தைச் சில்லாக்கி 10 டன் வாங்கினால், அதில் ஏறக்குறைய 5 டன் தண்ணீர். எடைமேடைக்குத் தண்ணீரும் மரமும் ஒன்றுதான். பாய்லருக்குள் போன பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

மரச்சில்லுக்குப் புதிதாக மாறுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மரம் நல்லது?" என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது யாராவது கேட்டால், மரத்தின் பெயரை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஈரம் எவ்வளவு, பிறகு மண் எவ்வளவு, பிறகு பொடியும் குச்சியும் எவ்வளவு என்று பாருங்கள் என்பேன். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது. நடுவில் கொஞ்சம் வேதியியல் வரும். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு மேல் ஒன்றும் இல்லை.

முதல் படி: மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஈரம் முழுக்கப் போன மரத்தை எடுத்துக்கொண்டால் எடையில் பாதி கார்பன். ஆக்சிஜன் 43, 44 சதவீதம். ஹைட்ரஜன் 6 சதவீதம். மிச்சம் இருக்கும் துளியில்தான் நைட்ரஜன், கந்தகம், குளோரின், அப்புறம் சாம்பலாகத் தங்கும் கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம். பைன் ஆனாலும் ஓக் ஆனாலும் யூகலிப்டஸ் ஆனாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. அதனால்தான் காய்ந்த மரத்தின் நிகர எரிதிறன், அதாவது எரித்தால் நமக்குக் கிடைக்கும் சூடு, பெரும்பாலும் கிலோவுக்கு 18.5 முதல் 19.5 மெகாஜூலுக்குள்ளேயே நிற்கிறது. மனக்கணக்குக்கு 19 என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

மர இனத்தால் வரும் சின்ன வித்தியாசத்துக்குக் காரணம் லிக்னின். மரத்தின் உடம்பு மூன்று பொருளால் ஆனது: நாராக நிற்கும் செல்லுலோஸ் 40 முதல் 45 சதவீதம், அதோடு பின்னிக் கிடக்கும் ஹெமிசெல்லுலோஸ், இவற்றை ஒட்டவைக்கும் பசை போன்ற லிக்னின். செல்லுலோஸ் எரிந்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 17 மெகாஜூல்தான் கிடைக்கும். லிக்னினில் கார்பன் அதிகம், ஆக்சிஜன் குறைவு. அது 25-க்கு மேல் தரும். ஊசியிலை மரங்களில் லிக்னின் கொஞ்சம் கூடுதல், பிசினும் உண்டு. ஆகவே கிலோவுக்குக் கிலோ பார்த்தால் லேசான பைன் மரம் கனத்த ஓக் மரத்தைவிட ஒரு பிடி மேலேதான் நிற்கும். கனமான மரம் அதிகச் சூடு தரும் என்று எல்லோரும் சொல்வது பொய் இல்லை, ஆனால் அது கன அளவுக்குத்தான் பொருந்தும். ஒரே தொட்டியில் கனமான மரம் அதிக எடை கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். மரம் எரிவது கரி எரிவது போல இல்லை. காய்ந்த மரத்தின் எடையில் 75 முதல் 85 சதவீதம் சூடானதும் வாயுவாகக் கிளம்பிவிடும். நாம் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவதுதான். அடுப்பின் அடியில் எரிபொருளைத் தாங்கும் தட்டியில் கரியாகக் கிடந்து கனல்வது மீதிக் கொஞ்சம். அதனால்தான் மரச்சில்லுப் பாய்லர்களில் அடியிலிருந்து ஒரு காற்றும், சுடருக்கு மேலே இன்னொரு காற்றும் கொடுக்கிறார்கள். மேல்காற்று போதாமல் போனால் கிளம்பிய வாயு எரியாமலேயே புகைபோக்கிக்குப் போகும். நீங்கள் காசு கொடுத்த எரிபொருள் கரும்புகையாக மேலே போகிறது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: ஈரத்தை அளந்து பாருங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன், ஏனென்றால் ஏமாறுவதும் இங்கேதான்.

ஈரத்தைச் சொல்வதற்கு இரண்டு கணக்கு இருக்கிறது. எரிபொருள் தொழிலில் மொத்த எடையில் தண்ணீர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். தச்சு, மர அறுவை வேலையில் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் உள்ள சில்லு முதல் கணக்கில் 50 சதவீதம், இரண்டாவது கணக்கில் 100 சதவீதம். முதல் கணக்கில் 20 என்றால் இரண்டாவதில் 25. யாராவது "ஈரம் 30" என்று சொன்னால் எந்தக் கணக்கு என்று உடனே கேளுங்கள். இரண்டு ஊசியை மரத்தில் குத்திப் பார்க்கும் மீட்டர்கள் பெரும்பாலும் தச்சு வேலைக்காகச் செய்தவை. அவை காட்டுவது இரண்டாவது கணக்கு. அதை அப்படியே எரிபொருள் ரசீதில் எழுதினால் கணக்கு இடிக்கும். இனி இங்கே நான் சொல்வதெல்லாம் மொத்த எடைக் கணக்குதான்.

அளப்பதற்கு மீட்டரை விட ஓவனும் தராசும் நம்பகமானவை. முறை எளிது. காலித் தட்டை எடை போடுங்கள். ஈரச் சில்லைப் பரப்பி மறுபடி எடை. 105 டிகிரி செல்சியஸில் வைத்து, இனி எடை குறையாது என்கிற வரை காயவிட்டு மறுபடி எடை. பெரும்பாலும் ஓர் இரவும் ஒரு பகலும் போதும். ஐ.எஸ்.ஓ. 18134 என்ற சர்வதேசத் தர முறையும் இதைத்தான் செய்கிறது, குறைந்தது 300 கிராம் மாதிரி எடுக்கச் சொல்கிறது.

ஒரு முறை செய்துபார்த்தால் பழகிவிடும். தட்டு 212 கிராம். சில்லோடு சேர்த்து 712, அப்படியானால் ஈரச் சில்லு 500 கிராம். மறுநாள் எடுத்துப் பார்த்தால் 532, அதாவது காய்ந்த மரம் 320 கிராம். போனது 180 கிராம் தண்ணீர். 180-ஐ 500-ஆல் வகுத்தால் 36 சதவீதம். மைக்ரோவேவில் சீக்கிரம் முடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள்; ஓரம் கருகி வாயு போய்விட்டால் அந்த எடைக் குறைவையும் ஈரம் என்றே கணக்கிடுவீர்கள். நான் அதை விட்டுவிட்டேன்.

தராசு சரியாக இருந்தும் விடை தப்பாக வருகிறது என்றால், தப்பு மாதிரி எடுத்ததில் இருக்கும். குவியலின் மேல்பகுதி வெயிலில் காய்ந்திருக்கும், இல்லையென்றால் மழையில் நனைந்திருக்கும். உள்ளே வேறு கதை. லாரி கொட்டும்போதே ஏழெட்டு இடத்தில், ஒரு முழம் உள்ளே கைவிட்டு அள்ளுங்கள். எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கிளறி, வட்டமாகப் பரப்பி, நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கிளறுங்கள். தேவையான அளவுக்கு வரும்வரை இதையே செய்து, உடனே பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். திறந்த வாளியில் ஒரு மதியம் வைத்திருந்தாலே சில்லு தன் ஈரத்தை விட ஆரம்பித்துவிடும். கையில் பிசைந்து பார்த்து "நல்லா காஞ்சிருக்கு" என்று சொல்லும் அனுபவசாலிகள் உண்டு. பச்சைக்கும் காய்ந்ததற்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும்தான். 25-க்கும் 35-க்கும் தெரியாது. பணம் கைமாறுவது அந்தப் பத்தில்தான்.

மூன்றாம் படி: ஈரத்தைச் சூடாக மாற்றிக் கணக்குப் போடுங்கள்

தண்ணீர் இரண்டு விதமாக நட்டம் செய்கிறது. மரம் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. அப்புறம், அந்தத் தண்ணீரை ஆவியாக்க ஒவ்வொரு கிலோவுக்கும் 2.44 மெகாஜூல் வேறு தண்டமாகப் போகிறது. கணக்கு இதுதான்: ஒரு கிலோவில் காய்ந்த மரம் எவ்வளவோ அதை 19-ஆல் பெருக்குங்கள், தண்ணீர் எவ்வளவோ அதை 2.44-ஆல் பெருக்கிக் கழியுங்கள்.

ஈரம் 50 என்றால், 9.5-இல் 1.22 போக 8.28 மெகாஜூல், அதாவது 2.3 கிலோவாட்-மணி. ஈரம் 30 என்றால் 12.6 மெகாஜூல், 3.5 கிலோவாட்-மணி. ஈரம் 20 என்றால் 14.7 மெகாஜூல், 4.1 கிலோவாட்-மணி. மேலே ஓவனில் காய்ந்த நம்முடைய 36 சதவீதச் சில்லு 11.3 மெகாஜூலில் வந்து நிற்கும்.

இப்போது இரண்டு பேர் விலை சொல்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவரின் சில்லு 25 சதவீத ஈரம், கிலோவுக்கு 13.6 மெகாஜூல். மற்றவருடையது 45 சதவீதம், 9.35 மெகாஜூல். இரண்டாமவர் டன் விலையில் முப்பது சதவீதத்துக்கு மேல் குறைத்தால்தான் இரண்டும் சமம். பத்து சதவீதம் தள்ளுபடி என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னால், நீங்களும் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

ஆனால் எடைக்கு வாங்காமல் கன மீட்டருக்கு வாங்கினால் கதையே மாறிவிடும். இதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. கொட்டிய ஒரு கன மீட்டர் சில்லில் 160 கிலோ காய்ந்த மரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈரம் 25 ஆனாலும் 45 ஆனாலும் அந்த 160 கிலோ மரம் கிட்டத்தட்ட அதே இடத்தைத்தான் அடைக்கும். தண்ணீர் மரத்தின் உள்துளைகளில் ஒளிந்துகொள்கிறது. கணக்குப் போட்டால் முதலாவது 2,910 மெகாஜூல், இரண்டாவது 2,720. வித்தியாசம் ஏழு சதவீதம்கூட இல்லை. ஆக, எடைக்கு வாங்குகிறவர் ஈரத்தைப் பார்க்க வேண்டும். கன அளவுக்கு வாங்குகிறவர் மரம் கனமானதா லேசானதா, சில்லு எப்படி அமுங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மர இனம் உண்மையிலேயே முக்கியமாவது இந்த இடத்தில்தான். லாரியில் குலுங்கி வந்த லோடு ஏற்றிய இடத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் அமுங்கியிருக்கும் என்பதால், எந்த இடத்தில் அளப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

கன அளவுக்கு வாங்குகிறேன், அதனால் ஈரம் எனக்குப் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கில் சூடு இருந்தாலும் பாய்லரில் அதை எடுக்க முடிய வேண்டுமே. ஈரச் சில்லு போனால் அடுப்பின் உள்சூடு இறங்கும், வாயு முழுதாக எரியாது, புகையில் தாரும் ஈரமும் சேர்ந்து புகைபோக்கிச் சுவரில் பிசுபிசுவென்று படியும். சிறிய பாய்லர்கள் பொதுவாக 30, 35 சதவீதத்துக்கு மேல் தாங்காது. அசையும் தட்டியும், சூட்டைத் திருப்பியடிக்கும் சூளைக்கல் வளைவும் உள்ள பெரிய பாய்லர்கள் 50-ஐக்கூட ஏற்றுக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், அப்படி ஈரத்துக்கென்று கட்டிய பாய்லரில் ரொம்பக் காய்ந்த சில்லைப் போட்டால் சூடு எல்லை மீறித் தட்டியைக் கெடுக்கும். எனவே விற்பவரிடம் போவதற்கு முன் உங்கள் பாய்லரின் கையேட்டைத் திறந்து, ஈரம் எதிலிருந்து எதுவரை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். முற்றிலும் காய்ந்த மரம் எரிந்தாலும் தண்ணீர் வரும். அந்த 6 சதவீத ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒரு கிலோ மரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் நீராவியாகும். அதைக் கழித்துச் சொல்வது நிகர எரிதிறன். கழிக்காமல் சொல்வது மொத்த எரிதிறன். காய்ந்த மரத்துக்கு அது 20 மெகாஜூலுக்குக் கொஞ்சம் மேலே வரும். விற்பவர் தாளில் 20-க்கு மேல் எண்ணைப் பார்த்தால் அது எந்தக் கணக்கு என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: சாம்பலைப் பாருங்கள், அதிலும் மண்ணை

பட்டை நீக்கிய அடிமரத்தில் சாம்பல் அரை சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். பட்டையில் அதுவே 2 முதல் 5 சதவீதம், சில மரங்களில் இன்னும் மேலே. இலையும் மொட்டும் சேர்ந்த நுனிக்கிளையில் கூடுதல். விரல் தடிமன் கிளையில் பட்டையின் பங்கு அடிமரத்தில் இருப்பதைவிடப் பெரிது என்பதால், கழித்துப்போட்ட கிளைகளை மட்டும் சில்லாக்கினால் சாம்பல் தானாகவே ஏறும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, தெரிந்து வாங்கினால் சரி.

தொல்லை தருவது மரத்தில் இல்லாமல் வெளியிலிருந்து வரும் சாம்பல். தரையில் இழுத்து வந்த கட்டை, வேரோடு பிடுங்கிய அடிக்கட்டை, மண்தரையில் கொட்டி லோடர் வைத்து அள்ளிய குவியல், இவற்றிலெல்லாம் மணல் ஒட்டிக்கொண்டு வரும். மணல் எரியாது, அது மட்டும் என்றால் பரவாயில்லை. மரத்தின் சாம்பலில் கால்சியம்தான் பெரும்பங்கு. தனியாக விட்டால் அது சுலபத்தில் உருகாத, பொடிப்பொடியான சாம்பல். மணலிலிருக்கும் சிலிக்காவும் மரத்தின் பொட்டாசியமும் சேர்ந்தால் உருகும் வெப்பநிலை தடாலென்று இறங்குகிறது. 800 டிகிரிக்குக் கீழேயே உருகும் கலவைகளும் உண்டு. அடுப்பின் கனல்படுகை அதைவிடச் சூடானது. இடைக்கால ஐரோப்பாவில் காட்டுக்குள் உட்கார்ந்து மரச்சாம்பலையும் மணலையும் உருக்கித்தான் கண்ணாடி செய்தார்கள். மண் கலந்த சில்லைப் போட்டால் உங்கள் பாய்லரும் அதே தொழிலை ஆரம்பித்துவிடும்.

அந்தக் கட்டியைத்தான் கிளிங்கர் என்கிறார்கள். ஒரு முறை தட்டியிலிருந்து இரும்புக் கம்பியால் நெம்பி எடுத்தேன். கையளவு இருந்தது, மேலே சாம்பல் பூசிய கல் மாதிரி. சுத்தியலால் தட்டி உடைத்தால் உள்ளே பச்சை கலந்த கறுப்பில் கண்ணாடி மினுமினுப்பு, தேன்கூடு போலக் குமிழி ஓட்டைகள், ஒரு மூலையில் உருகாமல் மாட்டிக்கொண்ட இரண்டு மூன்று மணல் துணுக்கு. குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்ட மாதிரி. அந்த லோடை விற்றவரிடம் போய்க் காட்டினேன். மரமே அப்படித்தான் என்றார். மரம் அப்படி இல்லை. அவருடைய களத்துக்குத் தளம் போடவில்லை, அவ்வளவுதான்.

சாம்பலைச் சரியாக அளக்க 550 டிகிரி உலை வேண்டும், அது ஆய்வுக்கூட வேலை. மண் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும். இரண்டு கை சில்லை அதில் போட்டு நன்றாக அலசி, சில்லை மட்டும் அள்ளி எடுத்துவிட்டுத் தண்ணீரைத் தெளியவிடுங்கள். வடித்துப் பார்த்தால் அடியில் படிந்திருப்பதை விரலால் தேய்த்தே மணலா மரப்பொடியா என்று சொல்லிவிடலாம். நறநறவென்றிருந்தால் லோடைத் திருப்பி அனுப்புவது பற்றி யோசியுங்கள்.

ஐந்தாம் படி: சின்ன எண்கள், பெரிய வம்பு

கந்தகம் மரத்தில் 0.05 சதவீதத்துக்கும் கீழேதான், அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நைட்ரஜன் அடிமரத்தில் 0.1, 0.2 சதவீதம், பட்டையிலும் இலையிலும் அதைவிட அதிகம். மரம் எரியும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் பெரிதாக வினைபுரிவதில்லை; புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடில் பெரும்பகுதி எரிபொருளிலிருந்தே வருகிறது. பச்சை இலையோடு சேர்த்துச் சில்லாக்கினால் புகை அளவீட்டில் அது தெரியும்.

குளோரின்தான் கவனிக்க வேண்டிய ஆள். நல்ல மரத்தில் 0.01, 0.02 சதவீதம்தான். அது கூடினால் பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகி, பாய்லர் குழாய்களில் படிந்து இரும்பை அரிக்கும். கடல்நீரில் மிதந்து கரையொதுங்கிய கட்டை இலவசமாகக் கிடைக்கிறதே என்று சில்லாக்காதீர்கள். உப்பு உள்ளே ஊறியிருக்கும்.

அதைவிட மோசமானது பழைய கட்டடங்களிலிருந்து வரும் மரம். பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பச்சைச் சாயல் அடிக்கும் பழைய வேலிக்கால், மேடைப் பலகை என்றால் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியதாக இருக்கலாம். எரித்தால் ஆர்செனிக்கில் ஒரு பங்கு புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கி அந்தச் சாம்பலையே நச்சாக்கிவிடும். ஒட்டுப்பலகையிலும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையிலும் பசை வழியாக நைட்ரஜன் ஏறும், மேலே பி.வி.சி. பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் குளோரினும் சேரும். சில்லாக ஆன பிறகு இவற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கையில் அள்ளி நிறத்தைப் பாருங்கள்: பெயின்ட் செதில், வழவழப்பான தாள், ஆணி, இதில் எதாவது ஒன்று கண்ணில் பட்டால் மொத்த லோடையும் சந்தேகப்படுங்கள்.

ஆறாம் படி: அளவைச் சலித்துப் பாருங்கள்

பாய்லர் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் வேதியியல் காரணம் இல்லை. ஒரு நீளமான குச்சிதான் காரணம். சில்லைத் தள்ளிக்கொண்டு போகும் திருகு தண்டில் ஒரு முழ நீளக் குச்சி குறுக்கே மாட்டினால் போதும், நடுராத்திரியில் எழுந்துபோய் மூடியைக் கழற்ற வேண்டியதுதான்.

வாள்போல் கூர்மையான கத்தி உள்ள இயந்திரம் மரத்தைத் துண்டு துண்டாக வெட்டும். ஓரம் சுத்தமாக, சதுரம் சதுரமாக வரும். கத்தி மழுங்கினால் வெட்டாமல் பிய்க்கும்; சிராய் சிராயாக, நார் தொங்கத் தொங்க வரும். சுத்தியலால் அடித்து நொறுக்கும் இயந்திரத்தில் வருவதும் அப்படித்தான். இந்த நார்ச்சில்லு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தொட்டிக்குள் வளைவுக் கூரை போல நின்றுவிடும். மேலே சில்லு நிறைய இருக்கும், கீழே திருகு காலியாகச் சுற்றும். பொடி அதிகமானாலும் தொல்லைதான்: காற்று நுழையும் இடைவெளியை அடைக்கும், பாதி எரிந்த நிலையில் பறந்து போகும், குவியலில் காற்றோட்டத்தைத் தடுத்துச் சூட்டைப் பிடித்துவைக்கும்.

3.15 மி.மீ., 16 மி.மீ., 31.5 மி.மீ. ஓட்டைச் சல்லடைகள் மூன்று இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த சில்லைச் சலியுங்கள். ஈரமானது ஒட்டிக்கொண்டு பொடியை மறைத்துவிடும். 3.15-க்குக் கீழே விழுவது பொடி. சிறு பாய்லருக்கான நுண்ணளவுச் சில்லில் எடையில் 60 சதவீதமாவது 3.15-க்கும் 16-க்கும் நடுவே நிற்க வேண்டும், பொடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எந்தத் துண்டும் 45 மி.மீ. நீளத்தைத் தாண்டக் கூடாது. அடுத்த அளவில் எல்லை 31.5 மி.மீ., பொடி 10 சதவீதம், நீளம் 150 மி.மீ. வரை. திருகு தண்டு உள்ளவர்கள் மற்ற எண்களை மறந்தாலும் அந்த நீளத்தை மறக்காதீர்கள்.

ஏழாம் படி: தரச் சீட்டைப் படியுங்கள்

மேலே சொன்ன அளவு எண்கள் ஐ.எஸ்.ஓ. 17225 என்ற சர்வதேசத் தரத்தின் நான்காம் பாகத்தில் இருப்பவை. 2014-இல் வந்து 2021-இல் புதுப்பித்தார்கள். அதில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு வகுப்பு. ஏ1-இல் ஈரம் 25 சதவீதத்துக்குள், அதிலேயே 10 சதவீதத்துக்குள் என்று இன்னொரு பிரிவும் உண்டு. சாம்பல் 1 சதவீதத்துக்குள். ஏ2-இல் ஈரம் 35, சாம்பல் 1.5. பி வகுப்புகளில் சாம்பல் 3 வரை போகலாம், ஈரத்தை விற்பவர் எழுதித் தர வேண்டும், நைட்ரஜன், கந்தகம், குளோரினுக்கும் எல்லை உண்டு. ஏ1, ஏ2 இரண்டும் மருந்து ஏற்றாத சுத்தமான மரம். பதப்படுத்திய மரத்தின் கழிவும் பழைய மரமும் வரக்கூடியது பி2-இல்தான். பெரிய தொழிற்சாலைப் பாய்லர்களுக்கு ஒன்பதாம் பாகம் தனியாக இருக்கிறது.

சீட்டு இருக்கிறது என்பதற்காக ஓவனையும் தராசையும் தூக்கிப் போட வேண்டாம். சீட்டு எழுதிய நாளுக்கும் லோடு இறங்கிய நாளுக்கும் நடுவே மழை பெய்திருக்கலாம்.

எட்டாம் படி: குவித்து வைப்பதற்கு முன் யோசியுங்கள்

முடிந்தால் கட்டையாகக் காயவைத்துப் பிறகு சில்லாக்குங்கள். பச்சைக் கட்டையைத் தரையிலிருந்து உயர்த்தி, காற்று புகும்படி அடுக்கி, மேலே மட்டும் மூடி ஒரு நீண்ட வெயில் காலம் விட்டால் 50-இல் இருந்து 30 சுற்றி இறங்கும். சில்லாக்கிய பிறகு காயவைப்பது நேர்மாறான வேலை. பச்சைச் சில்லுக் குவியலில் உயிருள்ள மரச்செல்கள் முதலில் மூச்சுவிட்டுச் சூடாக்கும், பிறகு பூஞ்சையும் பாக்டீரியாவும் சேரும். முதல் ஓரிரு வாரத்திலேயே உள்ளே 60 டிகிரிக்குப் போய்விடலாம். அந்தச் சூடு எங்கிருந்தோ வரவில்லை, உங்கள் மரம்தான் மெல்ல எரிகிறது. ஈரச் சில்லுக் குவியல் மாதத்துக்கு 1 முதல் 4 சதவீதம் காய்ந்த மரத்தை இப்படியே இழப்பது சாதாரணம்.

நீண்ட கம்பி வெப்பமானி ஒன்றை உள்ளே செருகி வாரம் இருமுறை பாருங்கள். 60-இல் ஏறி நின்று மெதுவாக இறங்கினால் சரி. 80-ஐ நோக்கி ஏறிக்கொண்டே போனால், அல்லது கருகல் வாசனை வந்தால், தண்ணீர்க் குழாயைத் தயாராக வைத்துக்கொண்டு குவியலைப் பிரித்துப் பரப்ப வேண்டும். ஈரமானதையும் காய்ந்ததையும் ஒரே குவியலில் அடுக்காதீர்கள். மேலே வண்டி ஏற்றி அமுக்காதீர்கள்.

மூடிய அறையிலோ ஆழமான தொட்டியிலோ சேமித்தால் இதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும்: சில்லு ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவைத் திறந்து நன்றாகக் காற்று விட்டு, வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டு, முடிந்தால் வாயு மீட்டரோடுதான் இறங்க வேண்டும். பூஞ்சை பிடித்த சில்லைக் கிளறும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. துணியைக் கட்டிக்கொண்டால் போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும்.

ஒன்பதாம் படி: முதல் வாரம் அடுப்பைக் கவனியுங்கள்

லோடை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. இனி பாய்லரே உங்களுக்குச் சொல்லும். சுடர் மங்கலாக, சோம்பலாக, புகைபோக்கியில் வெள்ளை ஆவி அடர்த்தியாக வந்தால் ஈரம் அதிகம். கரும்புகை என்றால் மேல்காற்று போதவில்லை. சாம்பல் தொட்டியில் கரித்துண்டுகள் கறுப்பாகக் கிடந்தால், முழுதாக எரிய நேரம் கிடைக்கவில்லை, அல்லது துண்டுகள் பெரிதாக இருக்கின்றன. நல்ல சில்லின் சாம்பல் வெளிர்சாம்பல் நிறத்தில், மாவு போல, ஊதினால் பறக்கும். கட்டி கட்டியாக வந்தால் நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

ஒரு வாரம் எரித்த சில்லின் எடையையும் அள்ளிய சாம்பலின் எடையையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 30 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ எரித்திருந்தால் காய்ந்த மரம் 700 கிலோ. சாம்பல் 1 சதவீதம் என்று சீட்டு சொன்னால் 7 கிலோ வர வேண்டும். தொட்டியில் 20 கிலோ இருந்தால், அதில் கரித்துண்டு இருக்கிறதா என்று முதலில் கிளறிப் பாருங்கள். இல்லையென்றால் அந்த நோட்டையும், ஒரு டப்பாவில் கொஞ்சம் சாம்பலையும் எடுத்துக்கொண்டு விற்றவரைப் பார்க்கப் போகலாம்.